களத்தில் ஓய்வெடுத்த கதை

கைக்குழந்தையோடு ஓய்வெடுக்கக் கிளம்புகிறவர்கள் முதலில் செய்ய வேண்டியது, போகக் கூடாத இடங்களை ஒவ்வொன்றாக அடித்துவிடுவது. நான் பத்திரிகை அலுவலகத்தில் செய்தி திருத்துகிறவன். அடிப்பது எனக்குத் தொழில்.

கொல்லிமலை முதலில் போனது. அங்கே எழுபது கொண்டை ஊசி வளைவுகள். எங்கள் மகள் ஆதிரை, மலைக்கோட்டையைச் சுற்றி ஆட்டோவில் போனாலே பாலைக் கக்குகிறவள். ஏற்காட்டில் குளிர். வேளாங்கண்ணியில் மணல், ஆதிரை மணல் தின்பாள். முக்கொம்பு வீட்டிலிருந்து மிகப் பக்கம். அங்கே போவதற்கு விடுப்புக் கேட்டால் செய்தி ஆசிரியர் என் முகத்தை ஒரு முறை பார்ப்பார், அதுவே போதும். திருச்சியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள், மலையில்லாமல், குளிரில்லாமல், கூட்டமில்லாமல் என்று தேடியபோது பூதலூருக்குப் பக்கத்தில் வயல்களுக்கு நடுவே ஒரு வீடு அகப்பட்டது. வீட்டுக்காரர் சிங்கப்பூரில் இருக்கிறார். படத்தில் வீட்டுக்கு முன்னால் பெரிய சிமென்ட் களம், துடைத்துவிட்டதுபோல் வெறுமையாக இருந்தது. சாவி வைத்திருந்த முருகேசன் என்பவர் போனில், "கொழந்த தவழறதுக்கு அதைவிட நல்ல எடம் கெடைக்காது சார்" என்றார்.

ஓய்வு என்று ஊருக்குச் சொன்னோம். உண்மைக் காரணம் வேறு. அடுத்து வந்த திங்கட்கிழமை என் மனைவி சுகன்யா வங்கி வேலைக்குத் திரும்ப வேண்டும். பேறுகால விடுப்பும் அதோடு ஒட்டுப்போட்ட மற்ற விடுப்புகளும் தீர்ந்துவிட்டன. எனக்கு வேலை மாலையில்தான் என்பதால் பகலெல்லாம் குழந்தை என் பொறுப்பு என்று ஏற்பாடு. ஏற்பாட்டில் ஒரே ஒரு குறை: ஆதிரை என் கையால் ஒரு வாய்கூடச் சாப்பிடுவதில்லை.

சுகன்யா ஊட்டினால் சாப்பிடுவாள். நான் அதே கிண்ணத்தில் அதே பருப்புச் சாதத்தை எடுத்தால், கை ஒரு சாண் தூரத்தில் இருக்கும்போதே உதடுகள் மூடிக்கொள்ளும். பிறகு தலை வலது பக்கம் திரும்பும், எப்போதும் வலது பக்கம்தான். மீறி உள்ளே போனது வெளியே வரும், என் மூக்குக் கண்ணாடியைக் குறிபார்த்து. சுகன்யாவின் புடவையைப் போர்த்திக்கொண்டும் ஊட்டிப் பார்த்திருக்கிறேன். அன்று அவள் சிரித்தாள், சிரிக்கும்போது திறந்த வாயில் ஒரு பருக்கை போட்டேன், அதையும் துப்பினாள்.

வங்கியில் சுகன்யாவோடு வேலை பார்க்கும் தோழி, "ஊர் மாறினா பசி மாறும்பா. என் பையன் ஊட்டியிலதான் சாப்பிட ஆரம்பிச்சான்" என்றாளாம். இதுதான் பயணத்துக்கு எங்களிடம் இருந்த ஒரே ஆதாரம். இதைவிட மெலிந்த ஆதாரத்தில் செய்தி போட்டதில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை காலை பாசஞ்சர் ரயிலில் ஏறிவிட்டோம்.

ரயிலில் குழந்தை பொதுச்சொத்து. திருவெறும்பூர் வருவதற்குள் ஆதிரை நான்கு மடி மாறியிருந்தாள். கொய்யா விற்கிற அம்மாள் ஒருவர் பழத்தைக் கிள்ளி நீட்டினார். உதடுகள் மூடின, தலை வலது பக்கம் திரும்பியது.

"வாயத் தொறக்க மாட்டேங்குதே" என்றார் கொய்யா அம்மாள்.

"அவங்க அம்மா கையால மட்டுந்தான் சாப்பிடுவா" என்றேன்.

"அப்ப நீங்க எதுக்கு இருக்கீங்க?"

எதிர் இருக்கைக்காரர் இந்தக் கேள்வியை ரசித்தார். தஞ்சாவூரில் கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போகிறவர், மடியில் மஞ்சள் பை. "விடுங்கம்மா, பசிச்சா தானா திங்கும்" என்றார். இந்த வாக்கியத்தை எட்டு மாதக் குழந்தை வைத்திருக்கிற எல்லோரும் வாரம் ஒரு முறையாவது கேட்டிருப்பார்கள். சொல்கிறவர் யாரும் அந்தப் பசி வரும்வரை பக்கத்தில் இருந்ததில்லை.

பூதலூருக்குச் சற்று முன்னால் ஏதோ எக்ஸ்பிரஸுக்கு வழிவிட்டு ரயில் நின்றது. மின்விசிறியும் நின்றது. ஆதிரை அந்த நேரம் பார்த்து வயிற்றைக் காலி செய்தாள். மஞ்சள் பைக்காரர் ஜன்னலை முழுக்கத் திறந்துவிட்டு, தான் அதற்காகத் திறக்கவில்லை என்பதுபோல வயலைப் பார்த்தார்.

வயலில் பார்க்கவும் இருந்தது. புரட்டாசி மாதம், குறுவை அறுவடை. ஒரு பக்கம் நெல் மஞ்சளாக நிற்கிறது, அடுத்த வயலில் அறுப்பு மெஷின் போய்விட்டதில் வெறும் அடித்தாள், அதற்கடுத்ததில் சம்பாவுக்குச் சேறடிக்கிறார்கள். திருச்சியில் நாங்கள் சாப்பிடுவது இங்கிருந்துதான் வருகிறது. வருகிற வழி எப்படியிருக்கும் என்று அதுவரை நான் யோசித்ததில்லை.

வழி நெல்லாக இருந்தது. ஸ்டேஷனிலிருந்து ஆட்டோவில் போன சாலையில் பாதிக்கு மேல் நெல் காய்ந்துகொண்டிருந்தது. ஓரத்தில் வரிசையாகக் கருங்கல். ஆட்டோ ஓட்டிய பாய் மிச்சமிருந்த தாரில் ஊசியில் நூல் கோப்பதுபோல் போனார். எதிரே டிராக்டர் வந்தது.

"நெல்லு மேல ஏத்திக்கலாமே, கொஞ்சந்தானே" என்றேன்.

"ஏத்தலாங்க. நீங்க நாளைக்குப் போயிருவீங்க, நான் தெனம் இந்த ரோட்டுல போவணும்" என்றார் பாய். இடது சக்கரத்தை ஓரச் சேற்றில் இறக்கினார். அது இறங்கியது, ஏறவில்லை. டிராக்டர்காரர் இறங்கி வர, அவரும் பாயும் நானுமாகத் தள்ளினோம். சக்கரம் வெளியே வந்தபோது சேற்றில் பாதி என் வேட்டியில் இருந்தது. சுகன்யா குழந்தையோடு வேப்ப மர நிழலில் நின்று, "ரொம்ப ரிலாக்ஸா இருக்கு" என்றாள்.

வீடு நன்றாகவே இருந்தது. களத்தைக் காணவில்லை. விளிம்பிலிருந்து விளிம்பு வரை நெல். வாசற்படியிலிருந்து கேட் வரைக்கும் ஒரு ஆள் நடக்கிற அகலத்தில் ஒரு பாதை விட்டிருந்தார்கள்.

சாவியோடு வந்த முருகேசன் முகத்தில் எந்தச் சங்கடமும் இல்லை.

"என்னங்க இது?" என்றேன்.

"நெல்லு சார்."

"அது தெரியுது. இங்க ஏன் இருக்கு?"

"களத்துலதான சார் காயப்போடணும்."

"குழந்தை தவழ நல்ல இடம்னு சொன்னீங்களே?"

"நெல்லு இல்லாதப்ப நல்ல எடம் சார்."

நெல்லுக்குச் சொந்தக்காரர் களத்தின் நடுவில் நின்றிருந்தார். பெயர் செல்வராணி. புடவைக்கு மேல் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. குத்தகை நிலம், ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர். சிங்கப்பூர்க்காரர் ஒவ்வொரு அறுப்புக்கும் இந்தக் களத்தை அவருக்கு விடுவது வழக்கம். வாடகைக்கு ஆள் வைப்பதெல்லாம் இந்த வருடம் வந்த புது யோசனை. ஆகவே எங்கள் இருவரில் அத்துமீறி நுழைந்தது யார் என்பதில் செல்வராணிக்குச் சந்தேகமே இல்லை.

"கொழந்தையக் கீழ வுட்றாதீங்க. சொணை பட்டா ஒடம்பெல்லாம் அரிக்கும்" என்றார். வரவேற்பு அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை முழுக்க ஆதிரை கீழே இறங்கவில்லை. இடுப்பிலும் தோளிலுமாக மாற்றி மாற்றித் தூக்கினோம். வீட்டு விளம்பரத்தில் அமைதி என்று எழுதியிருந்தார்களே, அதையும் சரிபார்த்தேன். பக்கத்து வயலில் அறுப்பு மெஷின். அடுத்த தெருவில் காதுகுத்து, ஒலிபெருக்கியில் மொய் எழுதியவர்களின் பெயர். கூரை ஓட்டில் மைனாக்கள் உட்கார்ந்து நெல்லுக்குச் சமயம் பார்க்க, அவற்றை விரட்ட செல்வராணி தகரத்தைத் தட்டினார். மத்தியானம் நான் ஊட்டிய பருப்புச் சாதம் என் சட்டையில் முடிந்தது. ஊர் மாறிவிட்டது. பசி மாறவில்லை.

மீன் குழம்பு கிடைக்குமா என்று முருகேசனிடம் கேட்டேன். "புரட்டாசி சார்" என்றார், நான் ஏதோ கேட்கக் கூடாததைக் கேட்டதுபோல.

சனிக்கிழமை காலை அவர் கொண்டுவந்த இட்லியும் கடப்பாவும் அந்தக் குறையைத் தீர்த்தன. பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சேர்த்துச் செய்கிற இந்தக் கடப்பாவைத் திருச்சி ஓட்டல்களில் சாம்பாருக்குத் தண்ணீர் சேர்ப்பதுபோல் கெடுத்து வைத்திருக்கிறார்கள். இங்கே கரண்டி நின்றது. நான் ஆறு இட்லி சாப்பிட்டேன். ஆதிரை பாலில் ஊறிய இட்லியை என்னிடம் வாங்க மறுத்து, சுகன்யாவிடம் இரண்டு வாய் வாங்கினாள்.

சுகன்யா கிண்ணத்தைப் படியில் வைத்தாள். "நாளைக்கு மறுநாள்" என்றாள். வேலையை விட்டுவிடுகிறேன் என்று அவள் ஒரு முறைகூடச் சொன்னதில்லை. சொல்லாமல் இருப்பதுதான் எனக்குக் கவலையாக இருந்தது. விடுப்பை நீட்டிக்கக் கேட்டு மேலாளரிடம் ஏற்கெனவே மறுப்பு வாங்கியிருந்தாள். அடுத்து ராஜினாமாதான் மிச்சம்.

அவள் குளிக்கப் போனாள். போகும்போது கிண்ணத்தில் புதிதாகப் பருப்புச் சாதத்தைக் குழைத்து என் கையில் திணித்தாள். இடுப்பில் குழந்தை, கையில் கிண்ணம், காலுக்கு நடக்க இடமில்லை. படியில் நின்றேன்.

செல்வராணி நெல்லைக் கிளறிவிட்டுக்கொண்டிருந்தார். கிளறுவதற்குக் கையோ கோலோ இல்லை. வெறுங்காலை நெல்லுக்குள் புதைத்துத் தூக்காமலேயே இழுத்து இழுத்து நடக்கிறார். பின்னால் இரண்டு கோடுகள் விழுகின்றன, அடியிலிருந்த ஈர நெல் மேலே வருகிறது. ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு, பிறகு திரும்பிப் பக்கத்து வரிசை. வழக்கமாகக் கூட வருகிற அவர் கணவர் கொள்முதல் நிலையத்தில் இடம் பிடித்து உட்கார்ந்திருந்தார். நெல்லில் ஈரம் இருந்தால் அங்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள், காய்ந்து முடிவதற்குள் முறை வந்தால் முறை போய்விடும். இந்தக் கணக்கில் செல்வராணி காலையிலிருந்து யாரையாவது தேடிக்கொண்டிருந்தார். நான் தென்பட்டேன்.

"சார், சும்மாதான நிக்கிறீங்க?"

"குழந்தைக்கு ஊட்டிக்கிட்டு இருக்கேன்."

"அது திங்கவா செய்யிது? செருப்பக் கழட்டிட்டு எறங்குங்க. அந்தப் பக்கம் நான் போறேன், இந்தப் பக்கம் நீங்க."

மறுப்பதற்கு வாக்கியம் தேடுவதற்குள் இறங்கிவிட்டேன். நெல் மேலே சுட்டது, அடியில் குளிர்ந்தது. காலை இழுத்தேன். சர்ரென்று ஒரு சத்தம்.

"என்ன சார், பாம்பு போன மாதிரி இருக்கு. நேரா போங்க!"

நேராகப் போனேன். சர், சர், சர். ஆதிரை என் இடுப்பிலிருந்து குனிந்து என் பாதம் நெல்லுக்குள் மறைந்து மறைந்து வருவதைப் பார்த்தாள். கால் எங்கே போனது என்பதுபோல. நான் பழக்கதோஷத்தில் ஒரு வாய் நீட்டினேன். வாய் திறந்தது. சாதம் உள்ளே போனது. வெளியே வரவில்லை.

நின்றுவிட்டேன். இன்னொரு வாய் நீட்டினேன். உதடுகள் மூடின, தலை வலது பக்கம் திரும்பியது.

நடந்தேன். திறந்தது.

நின்றேன். மூடியது.

ஒரே ஆள் சொன்னால் செய்தி போடக் கூடாது என்பது எங்கள் அலுவலக விதி. "செல்வராணியம்மா, இவ என் கையால சாப்பிடுறாளா, பாருங்க!" என்று கத்தினேன்.

"திங்கிது, திங்கிது. நீங்க நிக்காதீங்க, காயணும்!"

சுகன்யா தலையில் துண்டோடு வந்தபோது கிண்ணத்தில் கால்வாசி இருந்தது. படியில் உட்கார்ந்து பார்த்தாள். நான் இரண்டு வரிசை போய் வந்தேன். கிண்ணம் காலியானதும் தூக்கிக் காட்டினேன். வாங்கி உள்ளே பார்த்தாள், ஒருமுறை விரலால் வழித்தும் பார்த்தாள்.

"நல்லது" என்றாள். பிறகு, "உப்பு சரியா இருந்துதான்னு நான் பாக்கவே இல்ல" என்றாள். எழுந்து உள்ளே போய், உப்பு பார்க்கிற வேலைக்கு வேண்டியதைவிட நெடுநேரம் அங்கே இருந்தாள்.

அதன் பிறகு சோதனைகள். தார்ச் சாலையில் காலை இழுத்து நடந்தேன், வாய் மூடியது. வைக்கோலில் நடந்தேன், மூடியது. நெல்லில் சுகன்யா நடக்க, நான் பக்கத்தில் நின்று ஊட்டினேன், மூடியது. நெல்லில் நான் நடந்தால் மட்டும் திறந்தது. செல்வராணிக்கு இது மிகப் பிடித்துப்போயிற்று. "கொழந்தைக்குப் பசிக்கலியா சார்?" என்று அடிக்கடி கேட்டார். மாலைக்குள் ஆதிரை மூன்று வேளை சாப்பிட்டிருந்தாள். ஆறு மா நெல்லையும் பெரும்பாலும் நானே கிளறியிருந்தேன். முழங்கால் வரை சொணை அரித்தது.

நான்கு மணிக்கு மேல் வடக்கே கருத்தது. செல்வராணி வானத்தைப் பார்த்தார், போட்டது போட்டபடி, நெல்லைக் கூட்டித் தள்ளுகிற பலகையை எடுத்தார். "வாங்க, வாங்க, வாங்க!" முருகேசன் படுதாவை இழுத்துக்கொண்டு ஓடிவந்தார். சுகன்யா புடவையைச் செருகிக்கொண்டு பலகையின் கயிற்றைப் பிடித்தாள். எட்டு மாதமாகக் குழந்தையைத் தவிர வேறெதையும் தூக்காதவள், நெல்லை மலைபோலத் தள்ளினாள். நான் குழந்தையை வைத்துக்கொண்டு படியில் நின்று ஆலோசனை சொன்னேன். யாரும் கேட்கவில்லை. படுதாவின் கடைசி மூலையில் கல் வைக்கும்போது மழை விழுந்தது. சுகன்யா நனைந்து, மூச்சிரைக்க, முகமெல்லாம் உமித் தூசியோடு சிரித்தாள். "கவுன்ட்டர்ல உக்காந்து நோட்டு எண்றதுக்கு இது தேவல" என்றாள். பிறகு, "ஆனா அதுவும் எனக்கு வேணும்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை களம் ஈரம். நெல் படுதாவுக்குள். ஆதிரை பட்டினி வேலைநிறுத்தத்துக்குத் திரும்பினாள்.

"கொஞ்சம் பிரிச்சுப் போடுங்களேன், ஒரு மூலையில" என்று செல்வராணியிடம் கெஞ்சினேன்.

"ஈரத்துல போட்டா மொளைச்சிரும். ஒங்க புள்ளைக்கு எட்டு மாசம், என் பயிருக்கு நாலு மாசம். ரெண்டும் புள்ளைதான்."

பத்து மணிக்கு வெயில் வந்தது, களம் காய்ந்தது, நெல் விரிந்தது. நான் செருப்பைக் கழற்றிக்கொண்டு காத்திருந்தேன், முதல் நாள் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைபோல. கிண்ணம் காலியானது. மத்தியானம் இன்னொரு கிண்ணம். அது பாதியில் இருக்கும்போது செல்வராணியின் போன் அடித்தது. கணவர். முறை வந்துவிட்டது. டிராக்டர் வருகிறது.

"போவட்டும் சார், நல்லா காஞ்சிருச்சு" என்று ஒரு நெல்லைக் கடித்து உடைத்துக் காட்டினார். அவர் முகத்தில் அவ்வளவு நிம்மதியை அதுவரை நான் பார்த்ததில்லை. என் முகத்தில் என்ன இருந்ததோ, உற்றுப் பார்த்தார்.

"என்ன சார்?"

"நாளைக்கு இவ எப்படிச் சாப்பிடுவா?"

"அதுக்கு என் நெல்லு இங்கியே கெடக்கணுமா?"

"ஒரு மூட்டை..."

"நெல்லுல ஒரு புடி தர மாட்டேன். நாலு மாசம் வெயில்ல நின்னது நானு." பிறகு களத்தின் ஓரத்தைப் பார்த்தார். தூற்றியபோது பறந்து ஒதுங்கிய பதர் அங்கே குவிந்திருந்தது. உள்ளே அரிசியில்லாத வெறும் கூடு. "பதரு வேணும்னா அள்ளிக்கிங்க. ஒங்க காலுக்கும் அந்தக் கொழந்தைக்கும் உள்ள என்ன இருக்குதுன்னா தெரியப்போவுது?"

சாக்குப் பையை முருகேசன் கொடுத்தார். சுகன்யா பையின் வாயைப் பிடித்துக்கொள்ள, நான் அள்ளினேன். மூட்டை பெரிதாக இருந்தது, கனமே இல்லை.

திரும்பும் ரயிலில் மூட்டையைப் பார்த்து ஒருவர், "புது நெல்லா?" என்றார்.

"பதர்" என்றேன்.

"மாடு வச்சிருக்கீங்களா?"

"இல்ல. குழந்தைக்கு."

அவர் ஆதிரையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், அடுத்த பெட்டிக்கு எழுந்து போய்விட்டார். ஓய்வுப் பயணத்தில் எங்களுக்குக் கால் நீட்ட இடம் கிடைத்தது அப்போதுதான்.

திங்கட்கிழமை காலை சுகன்யா கிளம்பினாள். குழந்தையை ஒருமுறை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினாள். நான் மூன்றாம் மாடி ஹாலில் பதரை விரித்தேன். வெக்கை தாங்காமல் மின்விசிறியைப் போட்டதில் கணிசமான பகுதி சோபாவுக்கும் தொலைக்காட்சிக்கும் பூஜை அலமாரிக்கும் போயிற்று. விசிறியை நிறுத்தி, கூட்டி, மறுபடி விரித்தேன். பனியனோடு, குழந்தையை இடுப்பில் வைத்து, சுவரிலிருந்து சுவருக்கு. சத்தம் நெல்லின் சத்தத்தைவிட மெலிது. முதல் வரிசையில் ஆதிரை வாயைத் திறக்கவில்லை. எனக்கு வியர்த்தது. இரண்டாவது வரிசையில் குனிந்து என் காலைத் தேடினாள். திறந்தாள்.

பதினொரு மணிக்குப் போன் வந்தது. பின்னணியில் டோக்கன் எண் கூப்பிடுகிற குரல்.

"சாப்பிட்டாளா?"

"சாப்பிட்டா. கிண்ணம் காலி."

"துப்பலையா?"

"ஒரு பருக்கை இல்ல."

டோக்கன் எண் மாறியது.

"நான் கெளம்புனதும் அழுதாளா?"

ஆதிரை அழவில்லை. கதவு சாத்திய சத்தத்துக்குத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இந்த நிமிடம் என் மடியில் உட்கார்ந்து, என் பனியனில் ஒட்டியிருந்த ஒரு பதரைப் பிய்த்தெடுப்பதில் முழுக் கவனமாக இருந்தாள்.

"அழுதா" என்றேன்.

"ரொம்பவா?"

"ரொம்ப. கதவையே பாத்துக்கிட்டு."

"அய்யோ, பாவம்" என்றாள் சுகன்யா. மூன்று நாளில் இவ்வளவு உற்சாகமாக அவள் குரலை நான் கேட்டதில்லை. "சரி, வைக்கிறேன். இங்க வரிசை நிக்குது."